ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் முதியோருக்குக் கட்டுப்படியான வீடாக மாறுமா? கட்டடம் தயார், கணக்குதான் இடிக்கிறது

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் போனால் நம்ம கண் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். புடவைக்கடை, மளிகைக்கடை, வடை பொரிக்கும் வண்டி, சத்தமாய்ப் பாட்டு. அடுத்த முறை போகும்போது லெபு பசாரிலோ குயின் ஸ்ட்ரீட்டிலோ ஒரு நிமிஷம் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்க. கடைக்கு மேலே ஒரு மாடி இருக்கும். சில மாடிகளில் துணி காயும். சிலவற்றில் கடைச் சரக்கு அடுக்கியிருக்கும். பலவற்றில் மரச்சன்னல் பல வருஷமாய்த் திறக்காமல், கூரை ஓரத்தில் அரசங்கன்று முளைத்து நிற்கும்.

இன்னொரு பக்கம், அதே ஊரில் பிறந்து வளர்ந்து, வாடகை கட்ட முடியாமல் மகன் வீட்டுக்கோ தூரத்து அடுக்குமாடிக்கோ போய்விட்ட தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். மாடி காலி, ஆளுக்கு வீடு இல்லை. இரண்டையும் சேர்த்துவிட்டால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். தோன்றுவது சரிதான். நடைமுறையில் எங்கே முட்டுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், இந்த மாடிகள் எப்படிக் காலியாச்சு?

ஒரு சட்டம் போனதில் இருந்து கதை தொடங்குகிறது. மலேசியாவில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1948 பிப்ரவரிக்கு முன்னால் கட்டப்பட்ட கட்டடங்களில் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் கிளப்பவும் முடியாது. ஜார்ஜ்டவுன் நகரின் உள்பகுதி முழுக்கப் பழைய கடைவீடுகள் என்பதால், இந்தச் சட்டம் நாட்டிலேயே அதிகமாகத் தொட்ட ஊர்களில் அதுவும் ஒன்று.

சட்டத்தால் நன்மையும் இருந்தது, கெடுதலும் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தையல்காரர், தட்டார், பூக்காரம்மா எல்லாரும் நகரின் நடுவில் குறைந்த வாடகையில் தலைமுறையாய் இருக்க முடிந்தது. ஆனால் வருகிற வாடகையில் ஓடு மாற்றக்கூடக் காசு தேறாததால், வீட்டுக்காரர் கட்டடத்தைக் கண்டுகொள்ளவில்லை. கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. இன்று நாம் படம் எடுத்துப் போடுகிற அந்தத் தெருக்கள் இடிபடாமல் தப்பியதற்கு ஒரு காரணம், இடித்துக் கட்டினாலும் லாபம் இல்லை என்ற நிலைமைதான்.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாடகை ஒரே நாளில் சந்தை விலைக்குத் திறந்துவிடப்பட்டது. பலர் கிளம்பினார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அனைத்துலக அமைப்பு, ஆபத்தில் உள்ள இடங்களின் 2000, 2002 பட்டியல்களில் ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியைச் சேர்த்தது அந்தச் சமயத்தில்தான்.

ஆட்கள் போன பிறகு சில வீடுகளுக்குள் குடிவந்தது யார் தெரியுமா? குருவிகள். கூட்டைச் சூப்பாகக் காய்ச்சிக் குடிப்பார்களே, அந்த வாலிட் குருவிகள். சன்னலை அடைத்து, ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் போட்டுவிட்டால் போதும், மனிதரை வைப்பதைவிட நல்ல வருமானம். பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்த குருவி வீடுகள் 2013 இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்று மாநில அரசு கெடு வைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

இடையில் 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது. பினாங்கில் அந்தத் தேதிக்கு இன்றும் பொது விடுமுறை. பட்டம் கட்டடங்களைக் காப்பாற்றியது, உண்மை. கூடவே பூட்டிக் ஹோட்டல், கஃபே, ஏர்பிஎன்பி என்று பணமும் வந்தது. 2009இல் பாரம்பரியத் தளத்துக்குள் சுமார் 10,000 பேர் குடியிருந்தார்கள். 2013இல் எடுத்த கணக்கில் அது 9,500க்கும் கீழே போய்விட்டது. சுற்றுப்பயணி கூடிக்கொண்டே போன காலத்தில் குடியிருப்பவர் எண்ணிக்கை குறைந்தது.

தூரத்தில் புது வீடு கிடைத்தால் போகக்கூடாதா?

நியாயமான கேள்விதான். மத்திய அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாத வாடகை 124 ரிங்கிட். மாநிலத்தின் மம்பு மிலிக் வீடுகளும் இருக்கின்றன. லிஃப்ட் உண்டு, கழிவறை உள்ளேயே உண்டு. பழைய கடைவீட்டைவிட எவ்வளவோ வசதி.

ஆனால் எழுபது வயதுக்காரருக்கு வீடு என்றால் நாலு சுவர் மட்டுமில்லை. ஜார்ஜ்டவுனின் நடுவில் இருக்கிற ஒரு பாட்டி காலையில் சௌராஸ்தா சந்தைக்கு நடந்து போவார். கோயிலோ பள்ளிவாசலோ இரண்டு தெரு தள்ளி இருக்கும். கட்டணமில்லாத கேட் பஸ் நகருக்குள் சுற்றுகிறது. ரெண்டு நாள் கண்ணில் படவில்லை என்றால், கீழே கோப்பிக்கடைக்காரர் "பாட்டி எங்கே?" என்று கேட்பார். முதுமையில் இதுதான் பராமரிப்பு. இதையே பதினெட்டாவது மாடிக்குக் கொண்டுபோனால், கார் ஓட்டத் தெரியாத ஒருவர் யாராவது வந்து கூட்டிப்போகும் வரை வீட்டுக்குள்ளேதான்.

2030இல் மலேசியர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. இதைப் படிக்கிற உங்க அப்பா அம்மாவும் அந்தக் கணக்கில் வரலாம்.

பழைய வீட்டில் முதியவர்கள் கூடி வாழ்வது புதுசும் இல்லை. சீனாவின் குவாங்டோங் பகுதியில் இருந்து வந்து, கல்யாணமே செய்யாமல் காலம் முழுக்கப் பிறர் வீட்டில் ஆயாவாக உழைத்த பெண்கள், ஓய்வுபெற்ற பிறகு காசு போட்டு அறை எடுத்துக் கூட்டாக வாழ்ந்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடைவீட்டு மாடிகள்தான் அவர்களின் கடைசிக்கால வீடு. நம்ம பக்கம் பார்த்தால் பினாங் ஸ்ட்ரீட்டின் செட்டியார் கிட்டங்கி. பல பெட்டியடிக்காரர்கள் கீழே ஒரே கூடத்தில் தொழில் பார்த்து, அதே கட்டடத்தில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிய இடம். கடைவீடு என்ற வடிவமே கீழே பிழைப்பு, மேலே படுக்கை என்று உருவானதுதான். அதை ஹோட்டலாக ஆக்குவதுதான் வேஷம் மாற்றுவது. அறை அறையாக ஆள் இருப்பது பழைய வேஷம்.

சரி, கட்டடத்தை எப்படி மாற்றுவது?

ஒரு கடைவீட்டுப் படியில் ஏறிப் பார்த்திருக்கீங்களா? செங்குத்தாக, ஒடுக்கமாக, ஏணிக்கும் படிக்கும் நடுவில் ஒரு பொருள். முப்பது வயதைத் தாண்டிய எனக்கே இறங்கும்போது கை சுவரைத் தேடுகிறது. கால் வலிக்கிற ஒருவருக்கு அந்தப் படியே பூட்டு.

அதனால் முதல் கேள்வி யார் எந்த மாடியில் என்பதுதான். நடமாட்டம் குறைந்தவர்களுக்குத் தரைத்தளம் வேண்டும். ஆனால் ஒரு கடைவீட்டில் அதிக வாடகை தருவதும் தரைத்தளத்தின் முன்பகுதிதான், அங்கேதான் கடை போட முடியும். ஒரே சதுர அடிக்கு இரண்டு பேர் போட்டி.

லிஃப்ட் வைக்கலாமே என்றால், ஒரு கடைவீட்டின் அகலம் சுமார் ஐந்து, ஆறு மீட்டர்தான். உள்ளே மட்டும் நீளமாய்ப் போகும். அந்த ஒடுக்கத்தில் ஒரு லிஃப்ட் கிணறு எடுத்தால் ஓர் அறையே போய்விடும். வரிசையாக மூன்று நான்கு வீடுகளைச் சேர்த்து ஒரே திட்டமாக எடுத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சின்ன லிஃப்ட், ஒரு வெளியேறும் படி என்று வைக்கலாம். அதற்கு நடுச்சுவரில் வாசல் உடைக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடத்தில் நினைத்த இடத்தில் அப்படி உடைக்க முடியாது. 2016இல் அரசிதழில் வெளியான ஜார்ஜ்டவுன் சிறப்புப் பகுதித் திட்டம், எந்த வகைக் கட்டடத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறது. பொதுவாக முகப்பு, கூரை வடிவம், உள்முற்றம், நடுச்சுவர் இவையெல்லாம் காக்கப்பட வேண்டிய பட்டியலில் வரும். மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீங்க என்று கட்டடக்கலைஞர்கள் சொல்வது பாதி கிண்டல், பாதி நிஜம்.

அடுத்தது குளியலறை. பழைய வீடுகளில் அது முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கும். வழியில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு படி ஏற்றம், ஒரு படி இறக்கம். முற்றத்தில் மழை பெய்யும், தரை வழுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிற முதியவர் விழுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் புழங்குவதற்கான மலேசியத் தர விதி எம்எஸ் 1184 என்று ஒன்று இருக்கிறது. வாசல் அகலம், கைப்பிடி உயரம், சரிவு எல்லாம் அதில் உண்டு. அறைக்குப் பக்கத்திலேயே குளியலறையைக் கொண்டுவருவது, தரை ஏற்ற இறக்கத்தைச் சின்னச் சரிவால் சமாளிப்பது, பிடித்து நடக்கக் கம்பி போடுவது, இந்த மூன்றும்தான் வாழ்நாளைக் கூட்டுகிற மராமத்து. படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு கெடுக்கிற இடம் அதுதான். பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். தரையில் இருந்து ஏறுகிற ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பிக் கொட்டும், பூஞ்சணம் பிடிக்கும். மூச்சுக்கோளாறு உள்ள வயதானவரை அந்த அறையில் படுக்க வைப்பது கொடுமை. முற்றத்தை மூடி ஏர்கான் போடுவதும் இதே தவறுதான். காற்றும் வெளிச்சமும் அந்த வீட்டுக்குள் வருவதே முற்றம் வழியாகத்தான்.

கடைசியாகத் தீ. மரத்தளம், மரப்படி, ஒட்டி ஒட்டி வீடுகள். உள்ளே ஆறு முதியவர்கள். பொம்பா கேட்கிற கேள்விகள் கடுமையாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். கட்டட விதிகள் பெரும்பாலும் புதுக் கட்டடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை, 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் உட்பட. பழைய வீட்டில் அகலமான படி எடுக்க முடியாதபோது, புகை எச்சரிக்கைக் கருவி, தண்ணீர் தெளிப்பான், தீயைத் தாங்கும் கதவு, மரத்தளத்துக்கு அடியில் பாதுகாப்புப் பலகை என்று வேறு வழியில் அதே பாதுகாப்பைக் காட்ட வேண்டியிருக்கும். எல்லாம் செய்யக்கூடியதுதான். எல்லாவற்றுக்கும் காசு.

அந்தக் காசு எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம்

இங்கே நான் வைக்கிற எண்கள் புரிவதற்காகப் போட்டவை. எந்தக் குறிப்பிட்ட வீட்டின் கணக்கும் இல்லை.

ஒரு கடைவீட்டைச் சரிசெய்ய 4 லட்சம் ரிங்கிட் ஆகிறது என்று வையுங்க. ஆறு அறை. ஓர் அறைக்கு வாடகை எவ்வளவு வைக்கலாம்? சமூகநலத் துறையின் முதியோர் உதவித்தொகை மாதம் 500 ரிங்கிட்டாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 600ஆக உயர்த்தப்பட்டது. அதை மட்டும் நம்பி இருக்கிறவரிடம் 250 ரிங்கிட் வாங்கினால், சாப்பாடு, மருந்து, போன் எல்லாவற்றுக்கும் அவர் கையில் 350தான். அதற்கு மேல் வாங்க மனசு வராது.

ஆறு அறைக்கு மாதம் 1,500. வருஷத்துக்கு 18,000. பராமரிப்புக்கு 6,000 கழித்தால் மிச்சம் 12,000. போட்ட 4 லட்சம் திரும்பி வர 33 வருஷம். வங்கி வட்டியை நான் சேர்க்கவே இல்லை. ஓர் அறைகூட ஒரு நாளும் காலியாக இருக்காது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே ஆறு அறையை ஹோட்டலாக்கி ஓர் இரவுக்கு 200 ரிங்கிட் வாங்கினால்? பத்து நாளில் ஆறு நாள் அறை நிரம்பினால்கூட வருஷ வசூல் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. சம்பளம், மின்சாரம், கமிஷன் எல்லாம் போனாலும் முதல் கணக்கு பக்கத்தில் நிற்க முடியாது.

ஆக, வீட்டுக்காரர் கெட்டவர் என்பதால் ஹோட்டல் வரவில்லை. கணக்கு அப்படி. மெருகேறிய தெருவில் நிலத்தின் விலையும் ஏறும், முதியவரின் உதவித்தொகை அதே வேகத்தில் ஏறாது. சிங்கப்பூரும் இதைப் பார்த்தது. 2001இல் அங்கே வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அங்கே லிட்டில் இந்தியா, சைனாடவுன் கடைவீடுகள் இன்று அழகாக இருக்கின்றன, ஆனால் மேல்மாடியில் பெரும்பாலும் அலுவலகங்கள்.

இப்போது அதே கணக்கில் இரண்டை மாற்றுங்க. தரைத்தளத்தின் முன் அறையை மாதம் 2,500க்குக் கடையாக விடுங்க. அறை ஐந்தாகக் குறையும். வருஷ வருமானம் 45,000, பராமரிப்பு போக 39,000. சீரமைப்பில் பாதியை யாராவது மானியமாகக் கொடுத்தால், மீதி 2 லட்சம் ஐந்து வருஷத்தில் வந்துவிடும். அதே கட்டடம், அதே முதியவர், அதே 250 ரிங்கிட். மாறியது, பணம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும்தான்.

மானியம் என்பது கற்பனையும் இல்லை. கசானா நேஷனல் 2009இல் தொடங்கிய திங்க் சிட்டி நிறுவனம், 2 கோடி ரிங்கிட்டில் ஜார்ஜ்டவுன் மானியத் திட்டத்தை நடத்தியது. பல கட்டடங்களின் கூரையும் முகப்பும் அதில் சீராகின. முகப்பைச் சரிசெய்ய மானியம் கொடுக்கலாம் என்றால், "இருபது வருஷத்துக்கு வாடகை ஏற்றக்கூடாது" என்ற நிபந்தனையோடு மேல்மாடிக்கும் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் மூடிப்போன பள்ளிக்கூடங்களும் பழைய ஆலைகளும் முதியோர் அடுக்குமாடிகளாக மாறுவதைப் பற்றிப் படித்திருப்பீங்க. அங்கே அது ஓடுவதற்குக் காரணமும் இதுதான். வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைத்தால் செலவில் 20 விழுக்காடு வரிச்சலுகை. குறைந்த வருமானக்காரருக்கு வீடு கொடுத்தால் 1986இல் இருந்து தனியாக இன்னொரு வரிச்சலுகை, அதை வாங்கினால் பொதுவாக 30 வருஷம் வாடகையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே கட்டடத்துக்கு அடுக்குகிறார்கள்.

யாருடைய வீட்டில் இது நடக்கும்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. தனியார் வீட்டுக்காரர் என்றைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். விற்க முடியாத சொத்து யார் கையில் இருக்கிறது?

ஜார்ஜ்டவுனில் இதற்குப் பதில் சுவாரசியமானது. நகரின் உள்பகுதியில் கணிசமான வீடுகள் அறக்கொடைச் சொத்துகள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்க. தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொஹிதீன் காலத்தில், 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் கொடுத்த நிலத்தில் வளர்ந்தது அது. சுற்றிலும் வக்ஃபு நிலமும் வீடுகளும். கூ ஸல்மா நசுத்தியோனின் 'தி சூலியா இன் பினாங்' என்ற நூல் இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இன்று மாநிலத்தின் வக்ஃபு சொத்துகளுக்குப் பொறுப்பு பினாங்கு இஸ்லாமியச் சமய மன்றம். இந்துக் கொடைச் சொத்துகளைப் பார்ப்பது இந்து அறப்பணி வாரியம். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முஸ்லிம், இந்துக் கொடைகளுக்குச் சேர்த்து அமைந்த வாரியத்தில் இருந்து வந்தது. சீனர்களிடம் கூ கொங்சி போன்ற குலச்சங்கங்களும் கோயில் அறங்காவலர்களும். அவர்களுக்கும் தெருத் தெருவாய் வீடுகள்.

வக்ஃபு என்றால் என்ன? ஒருவர் தன் சொத்தை இறைவன் பேரில் நிறுத்திவிடுகிறார். அதை விற்க முடியாது, வருமானம் மட்டும் நல்ல காரியத்துக்குப் போகும். தர்மச் சொத்துக்கும் அடிப்படை அதுதான். விற்க முடியாத சொத்தில் நிலத்தின் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? முதல் கணக்கில் நம்மைத் தோற்கடித்த அந்த எண் இங்கே பல்லில்லாத பாம்பு.

இதன் உச்சத்தைப் பார்க்க ஜெர்மனி போக வேண்டும். ஆக்ஸ்பர்க் நகரில் ஃபுக்கராய் என்ற குடியிருப்பை யாக்கோப் ஃபுகர் என்ற பணக்கார வணிகர் 1521இல் ஏழைகளுக்காக நிறுவினார். இன்றும் சுமார் 150 பேர் அங்கே இருக்கிறார்கள், பலர் முதியவர்கள். வருஷ வாடகை 0.88 யூரோ. மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்ததைத் திரும்பக் கட்டினார்கள். செலவுக்குப் பணம் அறக்கட்டளையின் காட்டு நிலங்களில் இருந்தும், பார்க்க வருகிற சுற்றுப்பயணிகளின் நுழைவுச்சீட்டில் இருந்தும் வருகிறது. ஆண்டுதோறும் பாரம்பரியம் பார்க்க வருகிறவர்களின் பணத்தில் ஒரு பங்கு, அந்தப் பாரம்பரியத்துக்குள் வாழ்கிற முதியவருக்குப் போகிறது. ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களில் தங்குகிறவர்களும் கட்டணம் கட்டத்தான் செய்கிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அறக்கொடைச் சொத்து என்பதாலேயே வாடகை குறைவாக இருக்கும் என்று எழுதி வைக்கவில்லை. கோயிலையும் பள்ளிவாசலையும் நடத்தப் பணம் வேண்டும், அறங்காவலர் "அதிக வருமானம் கொண்டுவருவதுதான் என் கடமை" என்று சொல்லலாம். அதுவும் ஒரு நியாயம். முதியவருக்குக் கூரை கொடுப்பதும் தர்மக் கணக்கில் வரவாக எழுதப்பட வேண்டியது என்று நிர்வாகக் கூட்டத்தில் யாராவது வாதாட வேண்டும்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்?

"மாற்றுகிறோம்" என்ற சொல்லில் ஓர் ஆபத்து உண்டு. காலி செய்துவிட்டு, சீரமைத்துவிட்டு, புதிய முதியவர்களைத் தேர்ந்தெடுத்துக் குடிவைப்பது. ஏற்கெனவே மாடியில் இருந்த முதியவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை.

ஹாங்காங் வான்சாய் பகுதியில் 'புளூ ஹவுஸ்' என்று 1920களின் கட்டடம். 2006இல் அதைப் பாதுகாக்க வந்த திட்டப்படி குடியிருந்தவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். குடியிருப்பாளர்களும் அக்கம்பக்கத்தாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டடமும் இருக்கட்டும், ஆட்களும் இருக்கட்டும் என்றார்கள். அரசு இறங்கி வந்தது. செயின்ட் ஜேம்ஸ் செட்டில்மென்ட் என்ற சமூகநல அமைப்பிடம் பொறுப்பு போனது. விரும்பியவர்கள் அங்கேயே தொடர்ந்தார்கள். கழிவறை வசதி இல்லாத அந்தக் கட்டடத்துக்குக் கழிவறையும் லிஃப்டும் வந்தன, காலி அறைகளில் புதுக் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் உச்ச விருது அதற்குத்தான். எந்த மாளிகைக்கும் இல்லை, ஏழைகள் குடியிருந்த ஒரு பழைய வாடகைக் கட்டடத்துக்கு.

ஒரு வீட்டில் வேலை நடக்கும்போது பக்கத்து வீட்டுக்குத் தற்காலிகமாக மாறி, முடிந்ததும் திரும்புவது. வரிசை வரிசையாகக் கடைவீடு வைத்திருக்கிற ஓர் அறக்கட்டளைக்கு இது முடியும். ஒற்றை வீடு வைத்திருப்பவருக்கு முடியாது.

உங்க வீட்டுப் பெரியவர் பழைய வாடகை வீட்டில் இருந்தால்

பல முதியவர்களிடம் அக்ரிமெண்டே இருக்காது. "முப்பது வருஷமா இருக்கேன், அவங்க அப்பா காலத்துப் பழக்கம்" என்பார்கள். எழுத்து இல்லாத மாதவாடகை என்றால், உரிய நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்காரர் அதை முடித்துக்கொள்ள முடியும். அதனால் வாடகை ரசீது, மின்சார பில், பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்க. எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்க, முத்திரை வரி கட்டி வையுங்க. நாட்டின் நிலச் சட்டப்படி மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று வருஷம் வரையிலான வாடகையைப் பதியத் தேவையில்லை, ஆனால் விரும்பினால் உரிமைப் பத்திரத்தில் குறிப்பேற்ற முடியும். வீடு கைமாறினால் புதிய உரிமையாளரிடம் காட்ட அந்தக் குறிப்பு உதவும்.

இன்னொன்று, தைரியமாக நினைவில் வைக்க வேண்டியது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் உள்ளே இருக்கிறவரை வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றியோ சாமான்களை வெளியே வைத்தோ கிளப்ப முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது. பயமுறுத்தல் வந்தால் பினாங்கு வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

அடுத்த தடவை "பாரம்பரியக் கட்டடம் முதியோர் இல்லமாகிறது" என்று செய்தி வந்தால், வரைபடத்தில் இருக்கிற அழகான முற்றத்தைத் தாண்டிச் சில விஷயங்களைத் தேடுங்க. வாடகை எத்தனை வருஷத்துக்கு உறுதி, அது எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது? இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் புதுப் பட்டியலில் உண்டா? பத்து வருஷம் கழித்துக் கூரை ஒழுகினால் யார் காசு? படுத்த படுக்கையாகிவிட்டால் அங்கேயே இருக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் தங்கும் வீடு வேறு, பராமரிப்பு மையம் வேறு. ஆட்களைப் பராமரிக்கத் தொடங்கினால் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, ஆள்பலம், ஆய்வு எல்லாம் வேண்டும். மருத்துவத் தாதிமை அளவுக்குப் போனால் 2018ஆம் ஆண்டின் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டம். 250 ரிங்கிட் வாடகை அந்தச் செலவைத் தாங்காது. அதற்கு வேறு பணம் வேண்டும், அது எங்கிருந்து என்று திட்டம் போடுகிறவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.